குடலுக்குள் ஓயாத கூக்குரல்



மலத்தோடு இரத்தம் போவதை மூலவியாதி என்று நினைத்து, இரண்டு வருடமாக யாருக்கும் சொல்லாமல் இருந்ததாக ஒரு வாசகி எழுதியிருக்கிறார். இப்போது பெரிய ஆஸ்பத்திரியில் கமெரா விட்டுப் பார்த்து, பெருங்குடலில் புண் என்றும் நீண்டகாலம் மருந்து எடுக்க வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார்கள். கிருமியும் இல்லை, புற்றுநோயும் இல்லை என்றால் இந்தப் புண் எப்படி வந்தது என்று கேட்கிறார். நல்ல கேள்வி.

இதைக் குடல் அழற்சி நோய் என்பார்கள். பெருங்குடலில் மட்டும் வந்தால் அல்சரேற்றிவ் கொலைற்றிஸ். வாயிலிருந்து மலவாசல் வரை எங்கும் வரக்கூடியது குறோன் நோய்.

எங்கள் குடலின் உட்சுவரில் இருப்பது ஒரேயொரு வரிசைக் கலங்கள்தான். அதற்கு இந்தப் பக்கம் கோடிக்கணக்கான பற்றீரியாக்கள். அந்தப் பக்கம் நிர்ப்பீடனக் கலங்கள் காவல் நிற்கின்றன. இக்கலங்கள் ஒன்றோடொன்று பேசுவது சைற்றோகைன் என்னும் சிறு புரதங்களால். ஒரு கலம் புரதத்தை வெளிவிட, மற்றக் கலத்தின் மேற்பரப்பில் அதற்கென்றுள்ள வாங்கி அதைப் பிடித்து, உள்ளே கட்டளை அனுப்பும்.

அயலில் பாம்பு என்று யாராவது கத்தினால் எல்லோரும் தடியோடு ஓடி வருவார்கள் அல்லவா? ரி.என்.எஃப்., இன்ரலூக்கின் 23 என்பவை அப்படிக் கத்துகிற புரதங்கள். பாம்பு போய்விட்டது, வீட்டுக்குப் போங்கள் என்று சொல்வது இன்ரலூக்கின் 10. இந்த நோயில் கத்துவது ஓய்வதில்லை, அமர்த்தும் குரல் எடுபடுவதில்லை. வந்தவர்கள் வீட்டுச் சட்டிபானைகளையே உடைக்கிறார்கள். அதுதான் புண். இன்ரலூக்கின் 10 இன் வாங்கி பழுதாகப் பிறக்கும் சில குழந்தைகளுக்குப் பிறந்து சில மாதங்களிலேயே கடுமையான குடல் அழற்சி வருவதை 2009 இல் கண்டறிந்தார்கள். கூப்பிடும் குரலைவிட நிறுத்தும் குரல் எவ்வளவு முக்கியம் என்பது அதிலே தெரிந்தது.

இன்றும் கொலைற்றிஸுக்குக் கொடுக்கப்படும் சல்பாசலசீன் குளிசையை உருவாக்கியவர் நன்னா ஸ்வார்ட்ஸ் என்ற சுவீடன் நாட்டுப் பெண் வைத்தியர். மூட்டுவாதத்துக்கு மருந்து தேடப்போய், குடலுக்கும் சேர்த்துக் கண்டுபிடித்தார். ஸ்டீரொயிட் எல்லாக் குரலையும் ஒன்றாக அடக்கிவிடும். அதனால்தான் நீண்டகாலம் கொடுக்கப் பயப்படுகிறார்கள். ரி.என்.எஃப். ஐ மட்டும் பிடித்து நிறுத்தும் ஊசி 1998 இல் வந்தது. வாங்கியிலிருந்து உள்ளே போகும் கட்டளையை மறிக்கும் குளிசை 2018 இல் கொலைற்றிஸுக்கு அனுமதிக்கப்பட்டது. இவை விலை கூடியவை. எல்லோருக்கும் தேவைப்படுபவையும் அல்ல.

ஒன்றைக் கவனியுங்கள். அடங்கியிருக்கும் காசநோய்க் கிருமியைக் கட்டி வைத்திருப்பதும் இதே ரி.என்.எஃப். தான். ஆகவே அந்த ஊசிக்கு முன் காசநோய்ப் பரிசோதனை கட்டாயம். உங்களுக்கோ, உங்களோடு ஒரே கூரையின் கீழ் இருந்தவருக்கோ காசநோய் இருந்திருந்தால் ஒளிக்காமல் சொல்லுங்கள். அமீபா வயிற்றுளைவும் பார்வைக்கு இப்படித்தான் இருக்கும். அதற்கு ஸ்டீரொயிட் கொடுத்தால் ஆபத்து. இன்னொருவருடைய குளிசையை வாங்கிப் போடாதீர்கள்.

இழப்புகளைக் கண்ட பெண் வயிறு வலிக்கிறது என்றால், எல்லாம் யோசனையால் வருவது என்று சொல்லி அனுப்பிவிடும் வழக்கம் இருக்கிறது. எனக்கு அது கோபத்தைத் தருவது. மனச்சுமை இந்த நோயைக் கிளப்பலாம், உண்மை. ஆனால் கவலை மட்டும் குடலைப் புண்ணாக்கி இரத்தம் வரச் செய்யாது. வாரக்கணக்கில் வயிற்றோட்டம், மலத்தில் இரத்தம், இரவில் நித்திரை குழம்பி மலசலகூடம் போதல், மெலிவு, இவற்றோடு மூட்டுவலியோ கண் சிவப்போ இருந்தால் அதையும் சேர்த்துச் சொல்லி, பரிசோதிக்கும்படி கேளுங்கள். இரத்தம் போவதால் சோகையும் வரும்.

சுகமானதும் மருந்தை நிறுத்தினால் கூக்குரல் திரும்பவும் தொடங்கலாம். கர்ப்பம் தரித்தாலும் நீங்களாக நிறுத்தாதீர்கள். பல மருந்துகளைத் தொடரலாம், மெதொட்ரெக்சேற் போன்ற சிலதைக் கர்ப்பத்துக்கு முன்பே மாற்ற வேண்டும். அதனால் பிள்ளைக்கு விருப்பப்படும்போதே கிளினிக்கில் சொல்லிவிடுங்கள்.

இது பிள்ளைகளுக்குத் தொற்றுமா என்றும் அந்தச் சகோதரி கேட்டிருந்தார். தொற்றாது. ஒரே கோப்பையில் சாப்பிடலாம், பிள்ளைகளை அணைத்துக்கொண்டு படுக்கலாம்.