கால வரம்பு திரும்ப வேண்டும்

2018 மார்ச் 11 அன்று பெய்ஜிங்கின் மக்கள் மாமண்டபத்தில் சீன நாடாளுமன்ற உறுப்பினர்கள் வரிசையாக வந்து வாக்குச்சீட்டைப் பெட்டியில் போட்டார்கள். அதிபர் பதவியில் ஒருவர் தொடர்ந்து இரண்டு முறைக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி அன்றோடு போயிற்று. ஆதரவு 2,958, எதிர்ப்பு 2. ஷி ஜின்பிங்கின் மூன்றாவது பதவிக் காலத்துக்கு வழி திறந்தது இப்படித்தான். அந்த முடிவு தவறு. அந்த விதி திரும்ப வேண்டும்.

மாவோவைத் தட்டிக்கேட்க ஆளில்லாததால் பஞ்சத்திலும் கலாசாரப் புரட்சியிலும் நாடு பட்ட பாட்டைக் கண்ட தலைமுறை, டெங் சியாவோபிங் காலத்தில், 1982 அரசமைப்பில் எழுதி வைத்த விதி அது. ஷிக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. துணைப் பிரதமராக இருந்த அவருடைய தந்தை ஷி சோங்சுன், 1962-இல் ஒரு நாவலைக் காரணம் காட்டிப் பதவி பறிக்கப்பட்டார். அவர் மீண்டுவரப் பதினாறு ஆண்டுகள் ஆயின. மகனோ கலாசாரப் புரட்சியின்போது பதினைந்து வயதில் லியாங்ஜியாஹே கிராமத்துக் குகை வீட்டில் போய்த் தங்கி, ஏழு ஆண்டுகள் மண்ணில் உழைத்தார். அந்தக் காயத்தைச் சுமந்தவரே அந்த விதி போக வழிசெய்தார் என்பதுதான் நெஞ்சை உறுத்துகிறது.

உறுதியான தலைமை இருந்ததால்தான் ஊழல் அதிகாரிகள் பிடிபட்டார்கள் என்று வாதிடுவோர் உண்டு. அதில் உண்மையும் உண்டு. ஆனால் அதே உறுதி, தவறைத் திருத்த விடாமலும் தடுக்கிறது. 2022 நவம்பரில், நூறு நாளுக்கு மேல் கொரோனா கட்டுப்பாட்டில் கிடந்த உரும்ச்சி நகரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு தீப்பற்றிப் பத்துப் பேர் இறந்தார்கள். பல நகரங்களில் இளைஞர்கள் எதுவும் எழுதாத வெள்ளைத் தாளை உயர்த்திப் பிடித்துத் தெருவில் நின்றார்கள். இரண்டே வாரத்தில் கட்டுப்பாடுகள் திடீரெனத் தளர்ந்தன. முதியவர்கள் பலருக்குத் தடுப்பூசி முழுமையாகப் போட்டிருக்கவில்லை. தகன மேடைகளில் வரிசை நீண்டது. நிலைமை கைமீறுகிறது என்று முன்பே துணிந்து சொல்ல மேல்மட்டத்தில் ஒருவர் இருந்திருந்தால், அந்தத் தளர்வு ஆயத்தத்தோடு வந்திருக்கும்.

பழைய விதியிலும் ஓட்டை இருந்தது. உண்மையான அதிகாரம் கம்யூனிஸ்ட் கட்சிப் பொதுச்செயலாளர் பதவியிலும் ராணுவ ஆணையத் தலைவர் பதவியிலும்தான் இருக்கிறது. அவற்றுக்கு எழுத்தில் கால வரம்பு இல்லை. வழக்கம் மட்டுமே காவலாக நின்றது. இம்முறை மூன்று பதவிகளுக்கும் வரம்பை எழுதிவைக்க வேண்டும். கட்சியின் அடுத்த மாநாடு 2027-இல். அப்போது ஷிக்கு 74 வயது. கட்சியின் உச்ச அமைப்பான நிலைக்குழுவின் ஏழு பேரில் அடுத்தவர் இவர்தான் என்று சுட்டிக்காட்ட ஒருவரும் இல்லை. அந்தப் பெயரும் அந்த மாநாட்டிலேயே வெளிவர வேண்டும்.