விளக்குப் பலகைகளையும் படம் எடுங்கள்!

மரக்காணத்துக்குக் காமிராவோடு வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே படத்தைத்தான் எடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள். விடியற்காலைச் சூரியன், வெள்ளை வெளேரென்று ஓர் உப்புக் குவியல், வரப்பின்மேல் ஒற்றைக் காலில் நிற்கும் ஒரு பறவை. நல்ல படம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் அந்தப் படம் ஏற்கெனவே ஆயிரம் பேரிடம் இருக்கிறது. பொழுது சாய்ந்ததும் காமிராவைப் பைக்குள் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிடுகிறார்களே, அதற்குப் பிறகுதான் யாரும் எடுக்காத படம் ஆரம்பமாகிறது என்பது என் கட்சி.

சென்னையிலிருந்து சுமார் 120 கிலோமீட்டர் தெற்கே, புதுச்சேரி செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலை இங்கே உப்பளங்களின் நடுவே போகிறது. சிறுபாணாற்றுப்படையில் வரும் எயிற்பட்டினம் இதுவே என்பது அறிஞர்கள் பலருடைய கருத்து. பகிங்ஹாம் கால்வாய் தெற்கே வந்து முடிவதும் இந்தப் பக்கத்தில்தான். படகிலேறி உப்பு பட்டணம் போன காலம் ஒன்று உண்டு. இப்போது லாரி. சாலை வந்தது, சாலையோடு கடைகள் வந்தன, கடைகளோடு விளக்குப் பலகைகளும் வந்தன. டீக்கடை, மருந்துக் கடை, பரோட்டாக் கடை எல்லாவற்றின் தலைமேலும் சிவப்பும் பச்சையும் நீலமுமாக எழுத்துக்கள் மின்னுகின்றன. காற்று அடங்கிய இரவில் அந்த வெளிச்சம் பாத்தியில் தேங்கிய உப்புநீரில் விழும்போது பார்க்க வேண்டும். கடைக்காரர் செலவழித்தது ஒரு பலகைக்கு. உப்பளம் இன்னொன்றை இனாமாகத் தருகிறது, தலைகீழாக.

“இதுவா நியான்?” என்று விஷயம் தெரிந்தவர்கள் கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். நியான் என்பது காற்றிலேயே மிகச் சிறிதளவு கலந்திருக்கும் ஒரு வாயு. 1898-ல் லண்டனில் ராம்சே, டிராவர்ஸ் என்ற இரு விஞ்ஞானிகள் அதைக் கண்டுபிடித்து, “புதியது” என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லால் பெயரிட்டார்கள். 1910-ல் ஜார்ஜ் கிளாட் என்ற பிரெஞ்சுக்காரர் பாரிஸ் மோட்டார் கண்காட்சியில் அதை விளக்காக எரித்துக் காட்டினார். கண்ணாடிக் குழாயைத் தீயில் வாட்டி, எழுத்தின் வடிவத்துக்கு வளைத்து, உள்ளேயிருக்கும் காற்றை இழுத்துவிட்டு, வாயுவை அடைத்து, ஆயிரக்கணக்கான வோல்ட் மின்சாரம் பாய்ச்ச வேண்டும். அசல் நியான் தருவது செம்மஞ்சள் நிறம் ஒன்றுதான். நீலத்துக்கு ஆர்கானும் பாதரசமும். இங்கிலீஷ் எழுத்தை வளைப்பதே சிரமம். நம்முடைய ‘ஞ’வையும் ‘ண’வையும் கொதிக்கும் கண்ணாடியில் சுழித்த கைகள் எப்படிப்பட்ட கைகளாக இருந்திருக்கும்!

இன்று நியான் என்ற பெயரில் விற்பவை பெரும்பாலும் சிலிகோன் உறைக்குள் வரிசையாகப் பதித்த எல்.இ.டி. மணிகள். விலை குறைவு, மின்சாரச் செலவு குறைவு, உடைந்து கையைக் கிழிக்கும் அபாயமும் இல்லை. கடைக்காரரை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் அசலே பத்திரமாக இல்லாத ஊரில் நகல் மட்டும் எத்தனை நாள் நிற்கும்? அதிலும் இது உப்புக்காற்று அடிக்கும் கரை. இரும்புச் சட்டம் துருப்பிடிக்கிறது, கம்பி முனை பச்சை பூக்கிறது, முதலில் ஓர் எழுத்து அணைகிறது, பிறகு பாதிப் பெயர் போகிறது. அடுத்த வருஷம் அங்கே வேறு பலகை.

மவுண்ட் ரோடு என்னவாயிற்று என்று நினைத்துப் பாருங்கள். 1959-ல் எல்.ஐ.சி. கட்டடம் எழும்பியபின் பட்டணம் பார்க்க வந்தவர்கள் அந்தச் சாலையில் அண்ணாந்துகொண்டே நடந்தார்கள். ராத்திரியானால் சினிமாத் தியேட்டர்களின் வெளிச்சம் வேறு. 1964-ல் திறந்த சஃபையர் தியேட்டர் 1990-களில் இல்லாமலே போயிற்று. அந்தச் சாலையின் பகல் படங்கள் நிறைய இருக்கின்றன. வண்ணத்தில் எடுத்த இரவுப் படங்களில் என் கண்ணில் பட்டவை மிகச் சிலவே. பிலிம் காலத்தில் இரவில் கலர்ப் படம் எடுப்பது பணக்கார விளையாட்டு. கல்யாணத்துக்கு இல்லாத பிலிமைக் கடைப்பலகைக்கு யார் செலவழிப்பார்கள்? இன்று அந்தச் சாக்குக்கு இடமில்லை. சட்டைப் பையில் ஆளுக்கொரு காமிரா இருக்கிறது.

ஹாங்காங் நகரம் கொஞ்சம் முன்னதாகவே விழித்துக்கொண்டது. அங்கே அதிகாரிகள் பழைய நியான் பலகைகளை அபாயமென்று இறக்கத் தொடங்கியபோது, எம் பிளஸ் மியூசியம் 2014-ல் பொதுமக்களிடமே படங்களைக் கேட்டு வாங்கி இணையத்தில் வைத்தது. 2015-ல் ஓர் ஓட்டல் வாசலிலிருந்து இறக்கிய பிரம்மாண்டமான நியான் பசுமாடு, பழைய இரும்புக்குப் போகாமல் அந்த மியூசியத்துக்குப் போயிற்று. பசுவை மதிப்பதில் நாம் யாருக்கும் இளைத்தவர்கள் இல்லை. பலகையை மதிக்கத்தான் இன்னும் தெரியவில்லை.

எடுக்க விரும்புகிறவர்களுக்கு இரண்டொரு வார்த்தை. சூரியன் மறைந்து வானத்தில் நீலம் மிச்சமிருக்கும் இருபது நிமிஷம்தான் உத்தமமான நேரம். பிறகு எழுத்தைத் தவிர மற்றதெல்லாம் கறுப்பு. காமிராவை அதன் இஷ்டத்துக்கு விட்டால் சிவப்பு எழுத்து வெந்து வெள்ளையாகிவிடும். வெளிச்சத்தைக் குறைத்துக் குறைத்து, நிறம் தெரியும்வரை இறக்குங்கள். நம் மின்சாரம் விநாடிக்கு 50 சுற்று என்பதால் குழாய் விளக்கு விநாடிக்கு 100 தடவை மங்கி மங்கி எரிகிறது. வேகமாக ஷட்டரைத் தட்டினால் பாதி எழுத்தோ பட்டை பட்டையான கோடோதான் கிடைக்கும். விநாடியில் ஐம்பதில் ஒரு பங்கு, அல்லது அதைவிட நிதானம். முக்காலி இல்லாமல் நடக்காது. முக்கியமாக, பாத்திக்குள் கால் வைக்காதீர்கள். அந்தக் களிமண் தரை உழைப்பாளிகள் மிதித்து மிதித்துக் கெட்டிப்படுத்தியது. உங்கள் செருப்புத் தடம் அவர்களுக்கு ஒரு நாள் வேலை.

ஓர் ஆட்சேபம் உண்டு, அது நியாயமானதும்கூட. பக்கத்திலேயே கழுவெளி இருக்கிறது. 2021-ல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2024-ல் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. இந்தக் கடற்கரையில் ஆமைகள் முட்டையிட ஏறுகின்றன. குஞ்சுகள் வெளிச்சத்தைக் கடலென்று நம்பிச் சாலைப் பக்கம் நகர்ந்து சாகின்றன. அப்படியிருக்க விளக்கைக் கொண்டாடலாமா? படம் எடுப்பது கொண்டாட்டம் என்று யார் சொன்னது? எந்தப் பலகை எவ்வளவு தூரத்துக்குக் கண்ணைக் குத்துகிறது என்பதற்குத் தேதியிட்ட படத்தைவிட நல்ல சாட்சி ஏது? கரையோரத்தில் விளக்கைக் குறைக்கச் சொல்லி மனுக் கொடுப்பவர்களுக்கும் அந்தப் படம் வேண்டியதாயிருக்கும்.

எடுத்த படங்களைத் தொலைபேசிக்குள்ளேயே புதைத்துவிடக் கூடாது. பழைய நூல்களை இணையத்தில் ஏற்றிவரும் தமிழ் இணையக் கல்விக்கழகம், தெருப்பலகைகளுக்கும் ஓர் அலமாரி ஒதுக்கட்டும். தேதி, ஊர், தெரு, முடிந்தால் பலகை செய்தவர் எந்த ஊர்க்காரர் என்ற விவரம் — இவ்வளவும் படத்தோடு இருக்க வேண்டும். கடைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டே எடுங்கள். பெரும்பாலும் டீயும் கிடைக்கும்.

ஐப்பசி மழை பிடித்ததும் உப்பு வேலை நின்றுவிடும். பாத்திகளெல்லாம் சேர்ந்து ஒரே ஏரியாகிவிடும். பிம்பம் விழ அதைவிட நல்ல பருவம் இல்லை. மறக்காமல் ஒரு குடை கொண்டுபோங்கள், காமிராவுக்கு.