குழூஉக்குறியும் கூட்டாளியும்

சொல் வழக்கினை இயல்பு வழக்கு, தகுதி வழக்கு என இரண்டாக வகுத்த நன்னூலார், தகுதி வழக்கினுள் குழூஉக்குறிக்கும் ஓர் இடம் அளித்தார். ஒரு குழுவினர் தம்முட் பொருந்திக்கொண்டு, ஒரு பொருளை உலகறிந்த பெயரால் வழங்காது வேறொரு பெயரால் வழங்குவதே குழூஉக்குறி. பொற்கொல்லர் பொன்னைப் பறி என்பர். யானைப்பாகர் ஆடையைக் காரை என்பர். இவை உரையாசிரியர் காட்டும் உதாரணங்கள். இப்பாடத்தை நடத்துந்தோறும் என் உள்ளத்தில் எழும் வினா ஒன்றுண்டு. பொன் விற்க வந்தவன் எதிரிலேயே தட்டார் இருவர் தமக்குள் 'பறி' என்று பேசிக்கொள்வது இலக்கணத்துக்கு ஒத்ததே, அறத்துக்கு ஒத்ததாகுமா?

இலக்கண நூல் இவ்வினாவுக்கு விடை கூறுவதில்லை. கூறும் நூல் பிறிதொன்று உளது. அது பிறிட்ஜ் என்னும் சீட்டாட்டத்தின் சட்டநூல் என்றால் வாசகர் வியப்பர். சூதினைக் கடிந்த வள்ளுவர் வழிவந்தோர் சீட்டாட்டத்தைப் பேசலாமோ எனச் சிலர் முகஞ்சுளிக்கவுங்கூடும். பணயம் வைத்து ஆடுவதை யான் இங்கே பேசவில்லை. இருவர் தமக்குள் ஒரு மொழியைப் படைத்துக்கொள்ளும் முறையையே பேசுகின்றேன்.

நம் யாழ்ப்பாணத்தார்க்கு இவ்வகை ஆட்டம் புதிதன்று. வாசிகசாலைத் திண்ணையிலும் திருமண வீட்டுப் பந்தலிலும் விடிய விடிய ஆடப்பெறும் 'முந்நூற்று நான்கு' இதற்கு உறவுடையதே. 32 சீட்டுகள், வகையொன்றுக்கு 76 புள்ளியாக நான்கு வகைக்கும் 304 புள்ளிகள். எதிரெதிரே அமர்ந்தோர் கூட்டாளிகள். ஆட்டின், இஸ்கோப்பன், கிளாவர், உருவித்தன் என நாம் வழங்கும் பெயர்கள் 1658இல் இங்கு வந்த ஒல்லாந்தர் விட்டுச்சென்றவை. முதலில் நான்கு சீட்டுகளைக் கண்டே புள்ளி கேட்பர். கூடக் கேட்டவர் துரும்பைக் கவிழ்த்து வைப்பார். அத்துரும்பு யாதென்பதை அவர்தம் கூட்டாளியும் அறியார். கேட்ட புள்ளியைக் கொண்டு கையின் வலிமையை ஊகிக்கலாமேயன்றி வேறு மொழி அங்கில்லை. ஆதலினாலேயே காது சொறிதலும் இருமலும் கண் சிமிட்டலும் கள்ளச் சாடைகளாக நுழைகின்றன.

பிறிட்ஜ் ஆட்டம் இக்குறையை வேறு வகையால் நிறைவு செய்தது. 52 சீட்டுகளை நால்வர்க்கும் 13 வீதம் பகிர்வர். கிளாவர் முதலாக நான்கு வகையும், துரும்பின்மை என ஒன்றும் சேர்ந்து ஐந்து; ஒன்று முதல் ஏழு வரை படிகள்; ஆகக் கேட்கத்தக்க கேட்புகள் 35. இவற்றோடு விட்டுக்கொடுத்தல், இரட்டித்தல், மறு இரட்டித்தல் என்பன மூன்று. இச்சிறு சொற்றொகுதியைக் கொண்டே கையிலுள்ளதைக் கூட்டாளிக்கு உணர்த்தல் வேண்டும். ஆகவே சொற்களுக்குப் புதுப்பொருள் கற்பித்தனர். அமெரிக்கரான பிளாக்வூட் 1933இல் வகுத்த முறையில், 'நான்கு துரும்பின்மை' என்பது 'உன்னிடம் ஆசு எத்தனை?' என்னும் வினாவாகும். 'ஐந்து உருவித்தன்' என்று விடை வந்தால் ஆசு ஒன்று என்க. உருவித்தன் சீட்டுக்கும் அவ்விடைக்கும் யாதொரு தொடர்புமில்லை. இது நன்னூலார் கூறிய குழூஉக்குறியே.

இங்கேதான் சட்டநூல் குறுக்கிடுகின்றது. கூட்டாளிகள் எவ்வகைக் குறியையும் பொருந்திக்கொள்ளலாம். ஆயின் அக்குறியின் பொருளை எதிர்க்கட்சியாருக்கு மறைத்தலாகாது. உடன்பாடுகளை அட்டையில் எழுதி மேசைமேல் வைத்தல் வேண்டும். கேட்டால் விளக்குதலும் வேண்டும். பல்லாண்டு சேர்ந்தாடிய பழக்கத்தால் வாய் திறவாமலே அமைந்துவிட்ட உடன்பாட்டுக்கும் இவ்விதி பொருந்தும். இன்னும் ஒரு நுட்பம் நோக்குக. ஒருவர் தம் கையில் இல்லாததை இருப்பதுபோற் கேட்டு ஏமாற்றலாம். ஆனால் எதிரி எவ்வளவு ஏமாறுவாரோ அவ்வளவுக்குக் கூட்டாளியும் ஏமாறக்கூடிய நிலையில் இருத்தல் வேண்டும். சீட்டு மறைவானது; மொழி வெளிப்படையானது. இவ்வேற்றுமையே அவ்வறத்தின் உயிர்.

இதனை மீறியோர் உலகப் புகழ்பெற்றோர் நடுவிலும் உளர் என்பதே கவலைக்குரியது. 1965இல் புவனோஸ் அயர்ஸ் நகரில் நடந்த உலகப் போட்டியில், பிரித்தானிய இணையொன்று சீட்டைப் பற்றிய விரல்களின் எண்ணிக்கையால் ஆட்டின் சீட்டுத் தொகையை உணர்த்தியதாகக் குற்றஞ்சாட்டப்பெற்றது. உலகக் கழகம் குற்றவாளிகள் என்றது. இலண்டனில் நடந்த விசாரணையோ ஐயத்தின் பயனை அவர்க்கே அளித்தது. 1975 முதல் உலகப் போட்டிகளில் மேசைக்குக் குறுக்கே திரை வந்தது. எனினும் 2015இல், பலகையை வைக்கும் இடத்தாலேயே கூட்டாளிக்குக் குறி காட்டிய இணையொன்று நிகழ்படப் பதிவுகளால் வெளிப்பட்டது. திரை கண்ணை மறைக்கும், கருத்தை மறைக்குமா?

இனி நம் நாட்டு நடப்புக்கு வருவோம். 2025 மே 6இல் நடந்த உள்ளூராட்சித் தேர்தலில் யாழ்ப்பாண மாநகர சபை உட்படப் பல சபைகளில் எக்கட்சிக்கும் தனிப்பெரும்பான்மை வாய்க்கவில்லை. கட்சிகள் கூட்டாளி தேட நேர்ந்தது. கூட்டுச் சேர்தல் குற்றமன்று. கூட்டின் பொருள் வாக்களித்தோர்க்கு விளங்குகின்றதா என்பதே வினா. 1957 யூலை 26இல் கைச்சாத்தான பண்டாரநாயக்க–செல்வநாயகம் உடன்படிக்கை உலகறிய வெளியானது. எதிர்ப்புக்கு அஞ்சி 1958இல் கைவிடப்பட்டது. 1965 மார்ச் 24இல் டட்லி சேனநாயக்கவோடு செய்யப்பெற்ற உடன்படிக்கை அப்பொழுது வெளியிடப்படவில்லை. அதில் உரைத்த மாவட்ட சபைகளும் தோன்றவில்லை. வெளிப்படை ஓர் உடன்பாட்டைக் காத்துவிடும் என்று யான் கூறேன். வரலாறு அதற்குச் சான்றாகாது. மறைவும் காக்கவில்லை என்பதே யான் கூறுவது. முதலாவது முறிந்தபோது எது முறிந்தது, முறித்தவர் யார் என்பதை மக்கள் அறிந்தனர். இரண்டாவதில் எதிர்பார்க்கத்தக்கது எது என்பதையே மக்கள் தெளிவாக அறியவில்லை. அறியாததைக் குறித்துக் கணக்குக் கேட்பது எங்ஙனம்?

தட்டாரைப் பற்றிய வினாவுக்கு விடை இதுவே. தமக்குள் ஒரு மொழி வைத்திருத்தல் பிழையன்று. அம்மொழியால் யாருடைய பொன் நிறுக்கப்படுகின்றதோ, அவருக்கும் அதன் பொருள் தெரிந்திருத்தல் வேண்டும். சீட்டு மேசைக்கு உரிய இவ்வறத்தைச் சபை மேசையிலும் கேட்டல் நம் உரிமை. மாணாக்கர் குழூஉக்குறியை மனனம் செய்யும்போது இதனையும் ஒருங்கு சிந்திப்பாராக.