மட்டக்களப்பு மதில்களைக் காப்பாற்றுங்கள்

ஆசிரியருக்கு,

2019 இறுதியில் இலங்கையெங்கும் இளைஞர்கள் தூரிகையோடு வீதிக்கு இறங்கிச் சுவர்களில் ஓவியம் வரைந்தார்கள். அந்த நாட்களை நினைத்தால் இன்றும் மனம் நிறைகிறது. வெற்றிலைத் துப்பலும் கிழிந்த சுவரொட்டியுமாகக் கிடந்த மதில்கள் ஒரே வாரத்தில் பேசத் தொடங்கின.

மட்டக்களப்பில் அந்தப் பேச்சு நிலைக்க வேண்டுமென்றால் ஆர்வம் மட்டும் போதாது. வாவிக்கரையின் உப்புக் காற்றும் மாரி மழையும் எந்தப் பூச்சையும் விட்டுவைப்பதில்லை. எங்கள் ஒழுங்கையில் பிள்ளைகள் வரைந்த தோணி, இரண்டாவது மாரியிலேயே செதில் செதிலாக உரிந்துபோனது. மழை ஓய்ந்த பின், மாசி பங்குனியில், சுவரைச் சுரண்டி நன்றாக உலரவிட்டு, அடிப்பூச்சும் பூசிவிட்டுத்தான் வரைய வேண்டும். மழைக்குத் தப்பிய மிச்சத்தை மரண அறிவித்தலும் ரியூசன் விளம்பரமும் மூடிவிடுகின்றன. அவற்றுக்குத் தனிப் பலகை வைத்தால் என்ன?

எதை வரைவது? பாடும் மீனையும் 1924இல் திறந்த கல்லடிப் பாலத்தையும் எல்லோரும் வரைகிறார்கள், வரையட்டும். வடமோடிக் கூத்தின் கரப்புடுப்பும், வலை வீசும் கையும், கண்ணகி அம்மன் சடங்கும் எங்கே? சென்னையில் கண்ணகி நகரின் குடியிருப்புச் சுவர்கள் பல ஓவியமாகியிருக்கின்றன. அந்தக் கண்ணகியை வைகாசியில் குளிர்த்தி பாடி வணங்கும் எங்கள் ஊரில் அவளுக்கு ஒரு மதில் கிடையாதா?

கல்லடியிலேயே சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது. மாநகர சபை அதன் மாணவர்களை அழைத்து, கூலி கொடுத்து, வரைந்தவர் பெயரையும் சுவரின் ஓரத்தில் எழுதவிட வேண்டும்.

வாசகர்,
கல்லடி.