பழைய மாணவர்களே, பட்டரைப்பெரும்புதூருக்கு வாங்க



கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் யூனிட் வண்டிக்காக நின்றிருந்தேன். சிப்காட்டில் நைட் ஷிப்ட் முடித்த ஜனம் பிளாட்பாரம் முழுக்க. அந்தக் கூட்டத்தில் நமது வாசகர் வட்டத்துக்கு வந்து போகிற ஒரு தங்கை என்னைப் பார்த்துவிட்டு வந்தது. சட்டம் ஐந்தாம் வருஷம். அப்பா ஒரு ரோலிங் மில்லில் காண்ட்ராக்ட் ஆள். அந்தத் தெருவில் இதுவரை யாரும் கறுப்புக் கோட்டு போட்டதில்லை.

"இன்னாம்மா, பரீட்சை எப்போ?" என்றேன்.

"பரீட்சை கெடக்குதுண்ணா, அதெல்லாம் பாஸ் ஆயிடுவேன். அதுக்கப்புறம் இன்னா பண்றதுன்னுதான் தெர்ல. அஞ்சு வருஷம் படிச்சியே, எப்போ சம்பளம் வரும்னு அப்பா கேக்குறாரு. நான் இன்னான்னு சொல்றது?"

வண்டி வந்துவிட்டது. பதில் சொல்லாமலே ஏறிவிட்டேன். அந்தப் பதிலைத்தான் இந்த இதழில் எழுதப் பார்க்கிறேன்.

சட்டக் கல்வி என்றால் நாம் சீட்டு, பீஸ், ஹாஸ்டல் என்று மூன்றோடு நிறுத்திக்கொள்கிறோம். மூன்றுமே போராடி வாங்கியவை, குறைத்துச் சொல்லவில்லை. தமிழ்நாட்டு அரசு சட்டக் கல்லூரியில் பிளஸ் டூ மார்க்கை வைத்துச் சேர முடிகிறது. பதினெட்டு சதவீதமும் ஒரு சதவீதமும் இருக்கிறது. ஆனால் வகுப்பறையில் வக்கீல் உருவாவதில்லை. பட்டம் வாங்கிய நாளுக்கும், தன் சொந்தப் பெயரில் வக்காலத்து போடுகிற நாளுக்கும் நடுவில் நாலைந்து வருஷம் கிடக்கிறது. நம்ம பிள்ளைகள் காணாமல் போவது அங்கேதான். இன்ஷூரன்ஸ் ஏஜென்ட்டாக, கொரியர் ஆபீசில், மில் கேட்டில் செக்யூரிட்டியாக பி.எல். படித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

மற்றவர்கள் ஏன் அங்கே காணாமல் போவதில்லை? அவர்களுக்குச் சித்தப்பா சீனியர். மாமனார் ரிட்டையர்டு ஜட்ஜ். தாத்தா வாங்கிப் போட்ட சட்டப் புத்தகங்கள் அலமாரியில் வரிசையாக நிற்கின்றன. கட்சிக்காரன் வீட்டு வாசலுக்கே வருகிறான். அவர்களுடைய பழைய மாணவர் சங்கம் ரத்தத்திலேயே ஓடுகிறது, பதிவு பண்ணத் தேவையில்லை. நமக்கு அது கிடையாது. அதனால்தான் நாம் அதைக் கட்ட வேண்டியிருக்கிறது.

சென்னைச் சட்டக் கல்லூரி 1891-இல் தொடங்கியது. உயர்நீதிமன்றத்தை ஒட்டி நிற்கிற சிவப்புக் கட்டடம் 1899-இல் வந்தது. 1990-இல் அதற்கு அண்ணல் அம்பேத்கர் பெயர் சூட்டப்பட்டது. அந்தக் கல்லூரியின் பெரிய ஆசிரியர் அது நின்ற இடம்தான் என்பேன். மத்தியானம் வகுப்பு முடிந்தால் ரோட்டைக் கடந்து தம்புச் செட்டித் தெரு, லிங்கிச் செட்டித் தெரு, அரண்மனைக்காரத் தெரு என்று நடந்தால் எல்லாம் வக்கீல் ஆபீஸ். உள்ளே இருந்தவர்களில் பாதிப் பேர் அதே கல்லூரியில் படித்தவர்கள். யாராவது ஒரு சீனியர் கட்டுத் தூக்கவாவது சேர்த்துக்கொள்வார். சாயங்காலம் டீயும் பன்னும், கூடவே ஒரு பிராது எப்படி எழுதுவது என்ற பாடமும் கிடைக்கும். எந்தத் தெருவில் குடியிருக்கிறாய் என்று கேட்டு ஜாதியை மோப்பம் பிடிக்கிறவர்களும் அங்கே இருந்தார்கள். எனக்கும் அது நடந்தது. இருந்தாலும் நூறு படி ஏறினால் ஒரு கதவாவது திறந்தது.

2008 நவம்பர் 12 ஞாபகம் இருக்கும். கல்லூரிப் பெயரில் அம்பேத்கரை வெட்டிவிட்டுத் தேவர் ஜெயந்திக்குச் சுவரொட்டி அடித்ததில் மூண்ட பகை, அன்று கல்லூரி வாசலில் ரத்தமாக முடிந்தது. போலீஸ் நின்று வேடிக்கை பார்த்தது. டி.வி. அடியைக் காட்டியது, அதற்குப் பின்னால் இருந்த சுவரொட்டியைக் காட்டவில்லை. அதன் பிறகு நீதிபதி சண்முகம் கமிஷன் வந்தது, கல்லூரியை இடம் மாற்றச் சொல்லிப் பரிந்துரை வந்தது. மாணவர்கள் எதிர்த்துப் போராடியும் 2018-இல் கல்லூரியை இரண்டாக்கினார்கள். ஒன்று செங்கல்பட்டுப் பக்கம் புதுப்பாக்கத்துக்குப் போனது. இன்னொன்று நம்ம திருவள்ளூர் மாவட்டத்தில், திருத்தணி ரோட்டில் பட்டரைப்பெரும்புதூருக்கு வந்தது.

நம்ம மாவட்டத்துக்குச் சட்டக் கல்லூரி வந்தது நல்லதுதானே என்று கேட்கலாம். கட்டடம் வந்தது, ஆபீஸ்கள் வரவில்லை. உயர்நீதிமன்றத்துக்கும் கல்லூரிக்கும் நடுவில் இப்போது ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். கும்மிடிப்பூண்டிப் பிள்ளையின் பாடு அதைவிட மோசம். மாவட்டம் ஒன்று, ரயில் பாதை ரெண்டு. வண்டியில் போக வேண்டுமென்றால் பட்டணம் போய் மாறி அரக்கோணம் லைனைப் பிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் பஸ்ஸில் சுற்ற வேண்டும். சாயங்காலம் சீனியர் ஆபீசுக்குப் போவது எங்கே? வீட்டுக்கு வந்து சேர்வதே பெரிய காரியம். தெருவைக் கடந்தால் கிடைத்த பழைய மாணவனை அரசாங்கம் ஒரே உத்தரவில் மாணவனிடமிருந்து பிரித்துவிட்டது. கலவரத்துக்குத் தண்டனை என்று சொல்லி, கலவரத்தின்போது பள்ளிக்கூடத்தில் இருந்த பிள்ளைகளுக்குத் தண்டனை.

மாணவன் இனி ரோட்டைக் கடந்து வர முடியாது. பழைய மாணவர் கிளம்பி வர வேண்டும்.

கொஞ்ச நாளுக்கு முன் ஒரு சட்டக் கல்லூரியின் பழைய மாணவர் கூட்டத்துக்குப் போயிருந்தேன். எந்தக் கல்லூரி என்பது வேண்டாம். ஓட்டல் ஹால், குரூப் போட்டோ, ஆளுக்கொரு கேடயம், அப்புறம் நல்ல சாப்பாடு. கல்லூரிக்கு என்ன செய்யலாம் என்ற பேச்சு வந்தபோது முதலிடம் பிடிப்பவருக்குத் தங்கப் பதக்கம், நூலகத்துக்கு அலமாரி, வாசலில் ஒரு வளைவு என்று யோசனைகள் வந்தன. நான் எழுந்து, பாஸ் பண்ணிய பிறகு ஒரு வருஷம் வாடகை கட்ட முடியாத பையனுக்கு ஏதாவது யோசிக்கலாமே என்றேன். "அது அவங்கவங்க திறமைப்பா" என்றார் ஒருவர். அவருடைய அப்பாவும் வக்கீல்.

கல்வெட்டு ஆசை பழைய ஆசைதான். பாரிமுனைச் சட்டக் கல்லூரி வளாகத்தில் எலிஹு யேல் என்ற கம்பெனி கவர்னரின் குழந்தைக்குச் சமாதி இருக்கிறது. அந்த யேல் 1718-இல் அமெரிக்காவில் ஒரு கல்லூரிக்கு ஒன்பது மூட்டைச் சரக்கும் சில நூறு புத்தகமும் அனுப்பினார். முந்நூறு வருஷமாக அவர் பெயரில் பல்கலைக்கழகம் நடக்கிறது. சென்னையில் அவர் ஆண்ட நாளில் இங்கிருந்து அடிமைகளைக் கப்பலேற்றினார்கள் என்பதை அந்தப் பல்கலைக்கழகத்தில் இப்போதுதான் பேசுகிறார்கள்.

இன்னொரு பழைய மாணவரின் கதையைச் சொல்கிறேன். அம்பேத்கர் லண்டனில் பாரிஸ்டர் முடித்து 1923-இல் பம்பாய் திரும்பினார். வக்கீல் தொழில் நடத்த சனது வாங்க வேண்டும், அதற்குக் கையில் காசில்லை. கொலம்பியாவில் கூடப் படித்த நவல் பதேனா என்ற பார்சி நண்பர் கொடுத்த பணத்தில்தான் கட்டினார். அதன் பிறகும் தீண்டத்தகாத பாரிஸ்டருக்கு சாலிசிட்டர்கள் கேஸ் கொடுக்கவில்லை. பட்லிபாய் நடத்திய கணக்கியல் நிறுவனத்தில் வணிகச் சட்டம் பாடம் நடத்திப் பிழைத்தார். அத்தனை பட்டம் வைத்திருந்தவருக்கே பட்டத்துக்குப் பிறகான வருஷங்கள் இப்படி. பதேனா பதக்கம் கொடுக்கவில்லை, எந்த நேரத்தில் எது தேவையோ அதைக் கொடுத்தார்.

நம்ம பக்கத்திலும் ஆள் உண்டு. சென்னைச் சட்டக் கல்லூரியில் படித்த என்.சிவராஜ் அங்கேயே திரும்பி வந்து பாடம் நடத்தினார். பின்னால் சென்னை மேயர், பட்டியல் சாதிகள் கூட்டமைப்பின் தலைவர். ஜோலார்பேட்டையிலிருந்து வந்து அதே கல்லூரியில் படித்த ஏ.வரதராஜன் 1980-இல் உச்சநீதிமன்றத்தின் முதல் தலித் நீதிபதியானார். படத்தை மாட்டினால் போதாது. இவர்களுக்குப் பிறகு வந்தவர்கள் எத்தனை பேர் நடுவழியில் இறங்கிப் போனார்கள் என்று எண்ண வேண்டும்.

இப்போது காசுக் கணக்கு. வழக்கறிஞர்கள் சட்டம் 1961, பதிவுக் கட்டணம் பொதுப் பிரிவுக்கு 750 ரூபாய், எஸ்.சி., எஸ்.டி.க்கு 125 ரூபாய் என்றுதான் சொல்கிறது. ஆனால் நாடு முழுக்க பார் கவுன்சில்கள் அது இது என்று சேர்த்துப் பதினைந்தாயிரம், நாற்பதாயிரம் வரை வாங்கிக்கொண்டிருந்தன. 2024 ஜூலை 30-ஆம் தேதி, கௌரவ் குமார் வழக்கில், சட்டத்தில் உள்ளதற்கு மேல் ஒரு பைசா வாங்கக்கூடாது என்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒடுக்கப்பட்டவர்களை இந்தக் கட்டணம் வாசலிலேயே நிறுத்துகிறது என்றும் சொன்னது. ஏற்கெனவே கட்டியவர்களுக்குத் திருப்பித் தர வேண்டாம் என்றும் அதே தீர்ப்பு சொல்லிவிட்டது. வட்டிக்கு வாங்கிக் கட்டிய நம்ம அண்ணன் தம்பிகள் அந்த வட்டியை இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

வாசல் திறந்தாயிற்று, சோறு? 2020-இல் தமிழக அரசு புது வக்கீல்களுக்கு இரண்டு வருஷம் மாதம் 3000 ரூபாய் என்று திட்டம் அறிவித்தது. 2024 ஜூனில் சென்னை உயர்நீதிமன்றம், ஜூனியருக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000, மற்ற ஊர்களில் 15,000 குறையாமல் தர வேண்டும் என்று பார் கவுன்சிலைச் சுற்றறிக்கை அனுப்பச் சொன்னது. நல்ல உத்தரவுதான். பொன்னேரி கோர்ட்டில் ஜாமீன் மனு போட்டுப் பிழைக்கிற நம்ம சீனியர் பதினைந்தாயிரத்துக்கு எங்கே போவார்? அவரிடம் சேர்கிற ஜூனியரும் நம்ம ஆள்தான். ரெண்டு ஏழைகளுக்கு நடுவில் உத்தரவு நிற்கிறது. பழைய மாணவர் சங்கம் நுழைய வேண்டிய இடம் இதுதான்.

நுழைந்தால் யாருக்கு லாபம் என்று தோழர்கள் கேட்பீர்கள். ஆத்துப்பாக்கத்தை நினைத்துப் பாருங்கள். 2020 ஆகஸ்ட் 15 அன்று ஊராட்சித் தலைவர் அமிர்தம் அம்மாவைத் தலித் என்பதற்காகக் கொடியேற்ற விடவில்லை. பத்திரிகையில் வந்தது, கலெக்டர் வந்தார், ஐந்தாம் நாள் கொடி ஏறியது. தொக்கமூரில் தலித் மக்களை மறித்து நின்ற தீண்டாமைச் சுவர் 2022 அக்டோபரில் இடிந்தது. இரண்டும் கும்மிடிப்பூண்டி வட்டாரம். கொடி ஏறினதும் கேமரா போயிடும், கேஸ் போகாது. எப்.ஐ.ஆரில் சரியான பிரிவு இருக்கிறதா, சாட்சி பிறழாமல் இருக்கிறாரா, வாய்தாவுக்கு வாய்தா யார் கூட வருவது? பாதிக்கப்பட்டவர் விரும்பினால் அவர் சார்பில் மூத்த வழக்கறிஞரை கலெக்டர் அமர்த்தலாம் என்று வன்கொடுமைத் தடுப்பு விதிகளில் 1995-லிருந்தே இருக்கிறது. அதைச் சொல்லிக் கேட்கப் பக்கத்தில் ஒரு ஆள் வேண்டுமே.

சிப்காட்டைச் சொல்லவே வேண்டாம். விரல் போனவன், கை போனவன், பி.எஃப். பிடித்தும் கட்டாமல் ஏமாந்தவன் என்று தெருவுக்கு நாலு பேர். பழைய தொழிலாளர் சட்டங்களை உருட்டி நான்கு தொகுப்புகளாக்கி 2025 நவம்பர் 21 முதல் நடைமுறை என்று மத்திய அரசு அறிவித்துவிட்டது. காண்ட்ராக்ட் ஆளுக்கு அதில் என்ன மிச்சம் என்று உட்கார்ந்து படித்துச் சொல்ல, ரோலிங் மில் புகை தெரிந்த வக்கீல் வேண்டும். செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் கொத்தடிமையாகக் கிடந்து மீண்ட இருளர்களுக்கோ, 2016-இல் வந்த மறுவாழ்வுத் திட்டம் முழுத் தொகையையும் முதலாளி தண்டிக்கப்படுவதோடு முடிச்சுப் போட்டது. வக்கீல் இல்லாத இடத்தில் தண்டனை எங்கிருந்து வரும்?

இதெல்லாம் நடக்காத கனவு என்று சொல்லாதீர்கள். பெங்களூர் தேசிய சட்டப் பள்ளியின் பழைய மாணவர் ஷம்நாத் பஷீர் 2010-இல் 'இடியா' என்ற அமைப்பைத் தொடங்கினார். சட்ட மாணவர்களே ஏழைப் பிள்ளைகளைத் தேடிப் போய், தேசிய சட்டப் பள்ளிகளின் நுழைவுத் தேர்வுக்குத் தயார் செய்தார்கள். 2019-இல் அவர் இறந்த பிறகும் வேலை நடக்கிறது. அந்தத் தேர்வுக்கு விண்ணப்பம் போடவே 2024 சேர்க்கையில் எஸ்.சி., எஸ்.டி.க்கு 3500 ரூபாய். அது வேறு உலகம்தான். ஆனால் ஒரு பழைய மாணவர் நினைத்தால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்குச் சாட்சி.

'இது தர்ம காரியம், அரசு செய்ய வேண்டியதை நாம் ஏன் செய்ய வேண்டும்' என்று நமது கூட்டத்திலேயே ஒரு தோழர் சண்டை பிடித்தார். அரசை விடச் சொல்லவில்லை. 3000-ஐ உயர்த்தக் கேட்போம், கல்லூரிக்கும் ஸ்டேஷனுக்கும் பஸ் கேட்போம். ஆனால் அதுவரை அந்தத் தங்கை எங்கே உட்காரும்? இன்னொரு தோழர், உதவி வாங்குகிறவர் மூன்று வருஷம் உள்ளூர் கோர்ட்டில்தான் இருப்பேன் என்று எழுதிக் கொடுக்கட்டும் என்றார். எனக்கு அது ஒப்பவில்லை. முன்பணம் கொடுத்து ஆளைக் கட்டிப் போடுவது சூளைக்காரன் வேலை. போகிறவர் போகட்டும், பத்தில் நாலு பேர் நின்றாலும் லாபம்.

நான் கேட்பது சின்ன விஷயம். அந்தக் கல்லூரியில் படித்து பொன்னேரி, திருவள்ளூர், பூந்தமல்லி கோர்ட்டுகளில் தொழில் நடத்துகிற நம்மவர்களே முப்பது பேருக்குக் குறையமாட்டார்கள் என்று நினைக்கிறேன். ஆளுக்கு மாதம் ஐந்நூறு போட்டால் பதினைந்தாயிரம், ஒரு ஜூனியருக்கு ஆச்சு. பட்டணத்து ஆபீஸ்களில் இருக்கிறவர்கள் சேர்ந்தால் அஞ்சு பேருக்கு ஆகும். அகில இந்திய வழக்கறிஞர் தேர்வுக்கு நம்ம பிள்ளைகளிடம் 2500 ரூபாய் வாங்கியிருக்கிறார்கள். அதையும் சங்கம் கட்டலாம். பணம் முடியாதவர் மாதம் ஒரு சனிக்கிழமை பட்டரைப்பெரும்புதூர் போய், பிராது எழுதுவதையும் குறுக்கு விசாரணையையும் சொல்லிக் கொடுக்கட்டும். பெண் பிள்ளைகள் பயப்படாமல் போய் உட்காரக்கூடிய ஆபீஸ் எது எது என்று ஒரு பட்டியல் வேண்டும். அந்தப் பட்டியலைப் பெண் வக்கீல்கள்தான் போட வேண்டும், நாம் இல்லை.

வருகிற இரண்டாம் சனிக்கிழமை சாயங்காலம் நமது படிப்பகத்தில் இதைப் பேச உட்காருகிறோம். வக்கீல் தோழர்கள் வாங்க. சட்ட மாணவர்கள் தவறாமல் வாங்க. அந்தத் தங்கையிடமும் சொல்லியிருக்கிறேன். அப்பாவையும் கூட்டிக்கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறது. அவருக்கு அன்று நைட் ஷிப்ட், ஏழு மணிக்குள் அனுப்பிவிட வேண்டும்.