சாவியைக் கொடுத்தனுப்ப வேண்டாம்

விலை விசாரித்து டிக்கெட் வாங்கிவர ஒரு மென்பொருள் முகவரை இணையத்தில் அனுப்புகிறோம். அது போய் இறங்கும் கணினி யாருடையதோ, அதன் ஒவ்வொரு கட்டளையையும் இயக்குவது அவர்தான். நினைவகத்தைப் படிக்கலாம், போட்டிக் கடை சொன்ன விலையை அழிக்கலாம், முகவரைத் திருப்பி அனுப்பாமலே விடலாம். மறைகுறியாக்கினால் போதாதா என்பார்கள். நிரலை மறைகுறியாக்கிய நிலையிலேயே இயக்கும் வழியை 1998இல் சாண்டர், சூடின் என்ற இரு ஆய்வாளர்கள் ஆராய்ந்தார்கள். 2009இல் கிரெய்க் ஜென்ட்ரி என்ற கணினி அறிவியலாளர் எந்தக் கணக்கையும் அப்படிச் செய்யலாம் என்று காட்டினார். அழகான கணிதம்தான். ஆனால் வேகம் இன்னும் பெரும் தடை. விடையைப் படிக்கும் சாவியும் அனுப்பியவரிடமே இருப்பதால், போன இடத்தில் முகவர் தானாக எதையும் முடிவுசெய்ய இயலாது. இன்டெலின் எஸ்ஜிஎக்ஸ் போன்ற பூட்டிய வன்பொருள் அறைகளை நம்பலாமே என்றால், 2018இல் வெளியான ஃபோர்ஷேடோ தாக்குதல் அந்த அறைக்குள்ளும் எட்டிப் பார்த்துவிட்டது.

ஆகவே, நம் பெயரில் கையொப்பமிடும் சாவியை முகவரிடம் கொடுத்தனுப்பவே கூடாது என்பது என் கட்சி. அது விலைகளை மட்டும் சேகரிக்கட்டும். ஒவ்வொரு கடையும் தான் சொன்ன விலைக்கு மின்கையொப்பம் இடட்டும். பணம் கட்டுவது நம் கணினியில் நடக்கட்டும். அப்படியானால் முகவர் எதற்கு என்று கேட்பது நியாயம்தான். கடை கடையாக விலை கேட்டுவரும் வேலை அதற்கு இருக்கவே இருக்கிறது. போன இடத்திலேயே வாங்கியாக வேண்டிய அவசர வேலைக்குத் தொகை வரம்பும் காலக்கெடுவும் உள்ள ஒருமுறை அனுமதி தரலாம். அதைத் திருடினாலும் இழப்பு அந்த வரம்போடு நின்றுவிடும்.