மழைக் கணக்குப் பலகையும் தவறிய பதிவும்

மானாவாரிப் பயிர் செய்யும் குடியானவருக்கு மழைக் கணக்கைப்போல் உதவுவது வேறொன்றில்லை. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறையப் பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் முடிய வடகிழக்குப் பருவக் காற்றினாற் கிடைப்பது. முன்னர் அட்டவணையாக மட்டும் அச்சிடப்பெற்ற இக்கணக்கை, பார்ப்போர் தாமே ஊரையும் மாதத்தையும் தெரிந்தெடுத்துக் காணும்படி கணினித் திரையில் பலகையாக அமைத்தல் இப்பொழுது எளிதாகிவிட்டது. ‘டாஷ்போர்டு’ என வழங்கும் இப்பலகையில், மழை பெய்யாத நாளையும் பதிவு வராத நாளையும் ஒன்றாகக் காட்டும் பிழை நுழைவதும் அவ்வளவு எளிதே. அப்பிழையைத் தடுப்பது அமைப்போரின் முதற் கடமையாகும்.

இவ்வேலைக்குரிய சாதனங்கள் விலையின்றிக் கிடைக்கின்றன. கிடோ வான் ரோசம் என்பவர் 1991 ஆம் ஆண்டில் வெளியிட்ட பைத்தான் என்னும் கணினி மொழி ஒன்று. அம்மொழியில் அட்டவணைகளைக் கையாள உதவும் பாண்டாஸ் மற்றொன்று. திரையை அமைத்துத் தரும் ஸ்ட்ரீம்லிட் மூன்றாவது. தேதி, மழைமானி நிலையம், மில்லிமீட்டர் கணக்கில் மழையளவு ஆகிய மூன்று பத்திகளுள்ள கோப்பு ஒன்று இருந்தாற் போதும். பாண்டாஸ் அக்கோப்பைப் படிக்கும். ஸ்ட்ரீம்லிட் நிலையங்களின் பெயர்களை ஒரு தெரிவுப் பெட்டியில் அடுக்கிக் காட்டும். பார்ப்பவர் வேறொரு நிலையத்தைத் தெரிந்தவுடன், எழுதிய நிரல் முழுவதும் மேலிருந்து கீழாக மறுபடியும் ஓடிப் படத்தைப் புதுப்பிக்கும்.

படத்தை வரையுமுன் நாளின் பொருளைத் தெளிவாக்குதல் வேண்டும். இந்திய வானிலைத் துறையின் முறைப்படி, காலை 8.30 மணிக்கு அளந்து அத்தேதியிற் பதியும் மழை அதற்கு முந்திய 24 மணி நேரத்தில் பெய்ததாகும். இதனைப் பலகையில் எழுதாவிடில், திங்கட்கிழமை மாலை பெய்த மழை செவ்வாய்க்கிழமைக் கணக்கில் இருப்பதைக் கண்டு குடியானவர் பலகையையே ஐயுறுவார். நாள்தோறும் பெய்த மழையைத் தனித்தனித் தூண்களாகக் காட்டுதல் நலம். கோடாக இழுத்தால், பதிவில்லாத நாட்களின்மீதும் அக்கோடு சென்று, பெய்யாத மழையைப் பெய்ததாகக் காட்டக்கூடும்.

இனி, முற்கூறிய பிழை நுழையும் இடம் யாதெனில், மொத்தம் கூட்டும் இடமே. பதிவில்லாத கட்டத்தைப் பாண்டாஸ் வெற்றிடமாகவே வைத்துக்கொள்ளும். ஆனால் கூட்டும்போது அதனை விலக்கிவிட்டுக் கூட்டும். மாதம் முழுவதும் ஒரு பதிவேனும் இல்லாவிட்டாலும் மொத்தம் பூஜ்யம் என்றே விடை தரும். இதனால் வானம் பொய்த்த மாதமும், மழைமானி பழுதாகிக் கிடந்த மாதமும் திரையில் ஒரே வடிவாகத் தோன்றும். கூட்டும் கட்டளையில் ‘மின் கவுண்ட்’ என்பதற்கு 1 எனக் குறித்தால், பதிவே இல்லாத மாதம் வெற்றிடமாக நிற்கும். சில நாட்கள் மட்டும் தவறியிருப்பின் இதுவும் போதாது. அப்பொழுது மொத்தத்தின் அருகிலேயே ‘30 நாட்களில் 22 நாட்களுக்குப் பதிவு உண்டு’ என்பதுபோல் எழுதிக் காட்டுதல் வேண்டும்.

இது கணக்கரின் நுணுக்கம் மட்டுமன்று. இந்திய சர்க்கார் 2016 இல் வெளியிட்ட வறட்சி நிர்வாகக் கையேடு, மழைக் குறைவையும் இடைவிட்ட வறட்சியையும் முதன்மையான அறிகுறிகளாகக் கொள்கின்றது. பொய்யான பூஜ்யம், வறளாத ஊரை வறண்டதாகக் காட்டும். பதிவுள்ள நாட்களின் சராசரியைக் கொண்டு இடைவெளியை நிரப்பினாலோ, உண்மையில் வறண்ட ஊரின் துயர் மறைந்துபோகும். இரண்டு வழியிலும் நஷ்டமடைவது, விதை வாங்கக் கடன்பட்ட குடியானவரே.

வெற்றிடங்கள் நிறைந்த பலகை பார்வைக்குக் குறையுடையதாகத் தோன்றும் என்றும், பொதுமக்கள் இலாகாவைக் குறை கூறுவர் என்றும் சிலர் கருதலாம். அக்கருத்து முற்றிலும் பிழையென்று கூறுவதற்கில்லை. ஆயினும், வெற்றிடம் கண்ணிற் பட்டால்தான் எந்த நிலையத்தில் மழைமானி பழுது, எங்கே அளப்பவர் இல்லை என்பது வெளிப்பட்டுத் திருத்தம் நிகழும். பூஜ்யத்தால் மூடிய குறையை எவரும் தேடார்.

ஆகவே, பலகை அமைப்போர் வண்ணங்களையும் தெரிவுப் பெட்டிகளையும் பெருக்குமுன், ஒரு நிலையத்தின் ஒரு மாதக் கணக்கை எடுத்து, மூலப் பதிவேட்டுடன் நாள்தோறும் ஒத்திட்டுப் பார்ப்பாராக. பதிவுள்ள இடத்தில் அளவும், இல்லாத இடத்தில் இல்லையென்பதும் விளங்கத் தோன்றுமாயின், அப்பலகை எத்துணைச் சிறியதாயினும் குடியானவர் அதனை நம்பி விதைக்கலாம்.